எக்மோவில் இருக்கும் பச்சைக் குழந்தையின் ஹெபரினைக் கண்காணிப்பது எப்படி

யாழ்ப்பாணத்தில் படித்துவிட்டு வெளிநாட்டுக் குழந்தைகள் வைத்தியசாலைகளுக்குத் தாதி வேலைக்குப் போகிற பிள்ளைகள், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் வீட்டு விறாந்தையில் வந்திருந்து எக்மோ பற்றிக் கேட்பார்கள். குருதியை உடம்புக்கு வெளியே எடுத்து, ஒட்சிசனேற்றியில் ஒட்சிசன் ஏற்றித் திருப்பி அனுப்பும் இயந்திரம் அது. நான் அப்படியொரு பிரிவில் பல வருடம் வேலை செய்தவள். அவர்கள் இயந்திரத்தைக் கேட்க, நான் ஹெபரினில் தொடங்குவேன்.

குருதி பிளாஸ்டிக் குழாயைத் தொட்டதுமே உறையப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் ஹெபரின். கூடினால் மூளைக்குள் இரத்தம் கசியலாம், குறைந்தால் ஒட்சிசனேற்றி அடைபடலாம். ஹெபரினுக்கு வேலை செய்ய அன்ரித்ரொம்பின் என்ற புரதம் வேண்டும். பிறந்த குழந்தையிடம் அது பெரியவர்களுக்கு இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான். உடம்பும் ஹெபரினைச் சீக்கிரம் கழித்துவிடும். அதனால் நிறையோடு பார்த்தால் பெரியவர்களைவிடக் கூடுதலான அளவு ஓடும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

கடமை ஏற்றவுடன் இலக்கங்களுக்குப் போகாதீர்கள். குழந்தையைப் பாருங்கள். குழாய் ஏற்றிய கழுத்து, மூக்கு, சளி, சிறுநீர், மலம் எதிலாவது இரத்தம் இருக்கிறதா? உச்சிக்குழி புடைக்கிறதா, கண்மணிகள் சமமா, வலிப்பு வருகிறதா? ஆரம்ப நாட்களில் உச்சிக்குழி வழியாகத் தினமும் தலை ஸ்கான் செய்வார்கள். அதன் முடிவைக் கேட்டு வாங்குங்கள். பிறகு ரோச் லைட்டை எடுத்து ஒட்சிசனேற்றியையும் ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். கறுத்த கட்டி, வெள்ளை நூல் போன்ற படிவு எங்கே, எவ்வளவு பெரிது என்று எழுதிவையுங்கள். ஒட்சிசனேற்றிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம், குருதி ஓட்டம் மாறாமலே ஏறிக்கொண்டு போனால் உள்ளே உறைகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

இனி இரத்த மாதிரி எடுப்பது. மூன்று கிலோ குழந்தையின் மொத்தக் குருதியே சுமார் 250 மில்லிலீற்றர், ஒரு பெரிய தேநீர்க் கோப்பை அளவு. தேவையில்லாமல் ஒரு துளியும் எடுக்காதீர்கள். ஹெபரின் ஓடும் குழாயில் எடுத்த மாதிரி பொய் சொல்லும். குருதியை உறையாமல் வைக்கும் சிட்ரேற் உள்ள ரியூப்பைக் கோடு வரை நிரப்புங்கள். குறைந்தால் உறைய எடுக்கும் நேரம் கூடியதாகக் காட்டும்.

ஏ.சி.ரி. என்பது குருதி உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் சோதனை. கட்டிலருகே சில நிமிடங்களில் வரும். பல இடங்களில் இலக்கு 180 முதல் 220 செக்கன். ஆனால் குருதிச் சிறுதட்டுகள் குறைந்தாலும், உறைவதற்கு வேண்டிய புரதமான ஃபைப்ரினோஜன் குறைந்தாலும், குழந்தை குளிர்ந்தாலும் அது நீளும். ஏ.பி.ரி.ரி. ஆய்வுகூடத்தில் பார்க்கும் உறைதல் நேரம், அது பச்சைக் குழந்தைகளுக்கு ஹெபரின் இல்லாமலே நீண்டுதான் இருக்கும். அன்ரி-டென்-ஏ என்ற சோதனை ஹெபரினின் வேலையை நேராகக் காட்டும். வழமையான இலக்கு ஒரு மில்லிலீற்றருக்கு 0.3 முதல் 0.7 யூனிட். உங்கள் பிரிவின் இலக்கு வேறாக இருந்தால் அதுதான் உங்களுக்குச் சட்டம்.

இவை ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரவுகள்தான் கூட. ஏ.சி.ரி. உயர்ந்து அன்ரி-டென்-ஏ குறைந்திருந்தால், கையோடு ஹெபரினைக் குறைத்துவிடக் கூடாது. முதலில் சிறுதட்டும் ஃபைப்ரினோஜனும் பார்க்க வேண்டும். மறுபக்கம், மஞ்சள் காமாலை நிறமியான பிலிருபின் கூடிய குழந்தையிலும், செங்கலங்கள் உடைந்து பிளாஸ்மா சிவந்த குழந்தையிலும் அன்ரி-டென்-ஏ உண்மையைவிடக் குறைவாக வரலாம். அந்த இலக்கத்தை நம்பி ஹெபரினை ஏற்றினால் குழந்தைக்கு இரத்தப்போக்கு வரலாம். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லுவேன். மாதிரியைச் சுழற்றிய பின் பிளாஸ்மா என்ன நிறம் என்று ஆய்வுகூடத்தைக் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.

சரி, ஹெபரினை ஏற்ற ஏற்ற அன்ரி-டென்-ஏ அசையவில்லையா? அன்ரித்ரொம்பின் அளவைப் பார்க்கும்படி வைத்தியரிடம் சொல்லுங்கள். அதைக் கொடுத்தார்கள் என்றால் ஓடிக்கொண்டிருக்கும் அதே ஹெபரின் திடீரென்று பலமாக வேலை செய்யும். சீக்கிரமே மறுபடி சோதிக்க வேண்டும். சில பிரிவுகளில் ஹெபரினுக்குப் பதில் பைவலிருடின் ஓடும். அதற்கு அன்ரித்ரொம்பின் தேவையில்லை. பெரும்பாலும் ஏ.பி.ரி.ரி.யை வைத்தே பார்ப்பார்கள், அன்ரி-டென்-ஏ அங்கே உதவாது.

தசை ஊசி வேண்டாம், குதிகாலில் குத்த வேண்டாம். சளியை மெதுவாக உறிஞ்சுங்கள். ஹெபரினை மாற்றிய நேரம், பழைய அளவு, புதிய அளவு, மாற்றிய காரணம் நான்கையும் எழுதி, அடுத்து வருகிற தாதியிடம் வாயாலும் சொல்லிவிட்டே கட்டிலை விட்டு விலகுங்கள்.