நெட்டி முறிக்கப் போகும் முன் எக்ஸ்ரே எடுங்கள்

விழுந்த இடம் வீங்கி, தொட்டாலே உயிர் போகிற மாதிரி வலித்தால் எண்ணெய் போட்டு நீவாதீர்கள், முதல் வேலை எக்ஸ்ரே. விரலை அசைக்க முடிகிறதே, அப்புறம் எப்படி முறிவாக இருக்கும் என்பார்கள். எலும்பு முறிந்த கையிலும் விரல் அசையும். அடிபட்டது கை என்றால் வீக்கம் ஏறும் முன் மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, அட்டை வைத்து அசையாதபடி தளர்வாகக் கட்டுங்கள். எலும்பு வெளியே தெரிந்தால் உள்ளே தள்ள வேண்டாம், சுத்தமான துணியால் மூடி 108-ஐ அழையுங்கள். சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள், அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து தர வேண்டியிருக்கலாம்.

சரி, நெட்டி முறிக்கும் கைரோபிராக்டரிடம் போகலாமா? 1895-ல் அமெரிக்காவில் டி.டி. பால்மர் தொடங்கிய முறை இது, கையால் அழுத்தித் திருப்பி மூட்டுகளை, முக்கியமாக முதுகெலும்பைச் சரிசெய்வது. சாதாரண இடுப்பு வலிக்குச் சிலருக்கு ஓரளவு பலன் கிடைக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் முறிந்த எலும்பை அது ஒட்ட வைக்காது, முறிவு இருக்கும் இடத்தில் அப்படி அழுத்தவும் கூடாது.

எனக்குப் பெரிய கவலை நம் வீட்டு அம்மாக்களைப் பற்றித்தான். மாதவிடாய் நின்றபின் எலும்பு மெலிந்துகொண்டே போகும், அந்த நிலையில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலோ பலமாக இருமினாலோகூட முதுகெலும்பில் ஒரு முள்ளெலும்பு நசுங்கிவிடலாம், கீழே விழவே இல்லை என்பதால் முறிவு என்று யாருக்கும் தோன்றாது, 'வாயுப் பிடிப்பு' என்று நெட்டி முறிக்க அழைத்துப் போய்விடுவார்கள். திடீரென்று வந்த முதுகு வலி, நின்றால் அதிகமாகி படுத்தால் குறைவது, உயரம் குறைந்து கூன் விழுவது, இதையெல்லாம் கவனியுங்கள். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ பல மாதம் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள், புற்றுநோய் வந்தவர்கள் யாராக இருந்தாலும், இப்படி வலி வந்தால் முதலில் எலும்பு மருத்துவர், எக்ஸ்ரே, தேவைப்பட்டால் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். நல்ல கைரோபிராக்டர் இதையெல்லாம் அவராகவே கேட்பார். எதுவும் கேட்காமல் கழுத்தில் கை வைப்பவரிடம் இருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நாட்டுக் கட்டோ மாவுக்கட்டோ, இறுக்கம்தான் ஆபத்து. கட்டிய பிறகு வலி ஏறிக்கொண்டே போவது, விரல் மரத்துப்போவது, நீலமாகவோ வெளுத்தோ போவது, விரலை யாராவது நீட்டினால் தாங்க முடியாமல் வலிப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் நள்ளிரவு என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், சில மணி நேரத்திலேயே தசை செத்துப்போக ஆரம்பிக்கும்.

மணிக்கட்டு முறிவு ஒட்டச் சுமார் 6 வாரம், கெண்டைக்கால் எலும்புக்கு 3, 4 மாதம்கூட ஆகும். கட்டைப் பிரித்தபின் மூட்டு விறைப்பாக இருப்பது சகஜம், அதற்கு பிஸியோதெரபி போதும்.

இன்னொன்று, கையை ஊன்றி விழுந்து கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டுக் குழியில் வலித்தால், முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் நம்பிவிடாதீர்கள். அங்குள்ள சின்ன எலும்பின் விரிசல் சில நேரம் பிறகுதான் தெரியும், 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.