உயரமானவர் சமைக்கும் வீட்டுக்குப் புகை உறிஞ்சி: தேர்விலும் பொருத்துவதிலும் நேரும் தவறுகள்

ஆறடி உயரமுள்ளவர் சமைக்கும் வீட்டில் ஹூட், அதாவது புகை உறிஞ்சி, பொருத்த வருபவரிடம் வீட்டார் முதலில் சொல்வது, "கொஞ்சம் மேலே ஏற்றிப் போடுங்கள்" என்பதுதான். நான் பார்த்த தவறுகளில் இதுவே பெரியது.

நம் கேபினட் கடைகள் சமையல் மேடையைப் பெரும்பாலும் 85 முதல் 90 செ.மீ. உயரத்தில் அமைக்கின்றன. எரிவாயு அடுப்புக்கும் ஹூட்டுக்கும் இடையே 65 முதல் 75 செ.மீ. விடுவது வழக்கம். ஆகவே ஹூட்டின் அடிவிளிம்பு தரையிலிருந்து 150 முதல் 165 செ.மீ.க்குள் நிற்கும். 183 செ.மீ. உயரமுள்ளவரின் கண்மட்டம் ஏறத்தாழ 171 செ.மீ. என்பதால், சட்டிக்குள் எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நெற்றி இடிபடுவதில் வியப்பில்லை. பட்டர்வொர்த்தில் வசிக்கும் என் மைத்துனர் இதற்காகவே இடைவெளியை 95 செ.மீ. ஆக்கினார். நெற்றி தப்பியது, ஆனால் கடுகும் மிளகாயும் தாளித்தால் முன்கூடத்தில் இருப்பவர்கள் இருமினார்கள், பெலாச்சான் என்னும் இறால் விழுது வறுத்த வாரம் திரைச்சீலைகளைக் கழற்றித் துவைக்க நேர்ந்தது.

காரணம் எளிது. ஒரு விளக்கைத் தொலைவிலிருந்து ஊதி அணைக்கலாம். உறிஞ்சி அணைக்க முடியாது. உறிஞ்சும் விசை வாயிலிலிருந்து சற்று விலகினாலே வேகமாகக் குறைந்துவிடுவதால், ஹூட் புகையைத் தேடிப்போய் இழுப்பதில்லை, சூட்டினால் தானே மேலெழுந்து வரும் புகையைத்தான் வாங்கிக்கொள்கிறது. அப்புகையோ ஏற ஏறச் சுற்றியுள்ள காற்றையும் சேர்த்துக்கொண்டு விரிகிறது. 95 செ.மீ. உயரத்துக்கு வரும்போது அது 60 செ.மீ. அகல ஹூட்டின் விளிம்பைத் தாண்டியிருக்கும். உயர்த்தியே ஆகவேண்டுமென்றால் 90 செ.மீ. அகலமுள்ளதை வாங்க வேண்டும். அப்போதும் கையேடு சொல்லும் மேல் வரம்பைக் கடக்கக்கூடாது. கீழ் வரம்பு தீப்பாதுகாப்புக்கானது என்பதால் அதில் பேரத்துக்கே இடமில்லை.

இதைவிட நல்ல வழி, மேடையையே உயர்த்துவது. மேடை 10 செ.மீ. உயர்ந்தால் ஹூட்டும் 10 செ.மீ. உயரும்; இடைவெளி மாறாது, புகையும் தப்பாது, முதுகுவலியும் குறையும். அதே அடுப்பில் குள்ளமான மாமியாரும் சமைப்பாரானால் இந்த யோசனையை வீட்டில் பேசி முடிவெடுப்பது நல்லது; பெரிய சட்டியில் கிளறும்போது அவர் தோள் வலிக்கும். புதுப்பிப்பு வேலைக்கு வாய்ப்பில்லாத வாடகை வீட்டில், முகப்பு சாய்ந்த வகை ஹூட் தலைக்கு இடம் தரும். ஆனால் பெட்டி வடிவ ஹூட்டைப் போல் புகையைத் தேக்கிவைக்கும் குழிவு அதில் குறைவு. ஆகவே தாளிப்பையும் பொரிப்பையும் சுவரோரப் பின் அடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். உயரமானவருக்குக் கை நீளம். பின் அடுப்பு அவருக்கு எட்டாத தூரமன்று.

விற்பனையாளர் சொல்லும் எண்ணை மட்டும் நம்பி வாங்குவது அடுத்த தவறு. மணிக்கு 1,500 கன மீட்டர் என்று அட்டையில் அச்சிட்டிருந்தாலும், நீண்ட குழாயும் வளைவுகளும் சேர்ந்தபின் அந்த அளவு கிடைக்காது. 150 மி.மீ. குழாய் கேட்கும் ஹூட்டுக்கு 100 மி.மீ. குழாயை மாட்டினால், காற்று செல்லும் பரப்பு பாதிக்கும் கீழே போய்விடும். இரைச்சல் மட்டும் கூடும். மடிப்பு மடிப்பான அலுமினியக் குழாயைத் தொய்யவிடாமல் இழுத்து, நீளத்தைக் குறைத்துப் பொருத்தச் சொல்லுங்கள். முடிந்தால் உட்புறம் வழவழப்பான குழாயையே கேளுங்கள்.

கோலாலம்பூர் கொண்டோ அடுக்குமாடிகளில் வெளிச்சுவரைத் துளைக்க நிர்வாகம் ஒப்பாவிட்டால், கரி வடிகட்டி வழியாகக் காற்றை அறைக்குள்ளேயே திருப்பும் வகையை வாங்கச் சொல்வார்கள். அது வாடையைக் குறைக்கும். சூட்டையும் நீராவியையும் வெளியேற்றாது. கரியைச் சில மாதங்களுக்கொருமுறை மாற்ற மறந்தால் வாடையும் போகாது. நாள்தோறும் குழம்பும் பொரியலும் நடக்கும் வீட்டுக்கு நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன். துணி காயும் பின்கட்டுப் பக்கம் குழாயை விட அனுமதி கிடைக்குமா என்று முதலில் கேட்டுப் பார்க்கலாம்.

வெட் கிச்சன், அதாவது தாளிப்பும் பொரிப்பும் நடக்கும் பின்பக்கச் சமையலறை, திறந்தவெளியாக இருப்பவர்கள் மின்விசிறியையும் குறுக்குக் காற்றையும் மறந்துவிடுகிறார்கள். பக்கவாட்டுக் காற்று, மேலெழும் புகையை ஹூட்டுக்கு வெளியே தள்ளிவிடும். அதற்காக எல்லாச் சன்னலையும் இறுக மூடினால், உறிஞ்சிய காற்றுக்கு ஈடாக உள்ளே வரக் காற்றில்லாமல் மோட்டார் திணறும். அடுப்புக்கு எதிரே, தொலைவிலுள்ள ஒரு சன்னலை மட்டும் சற்றுத் திறந்து வைத்தால் போதும்.

கடைக்குப் போகும்போது சமைப்பவரையே அழைத்துச் செல்லுங்கள், அளவு நாடாவும் உடன் இருக்கட்டும். காட்சிக்கு மாட்டியிருக்கும் உயரம் உங்கள் வீட்டு உயரமன்று. வீட்டு மேடை உயரத்தோடு கையேட்டின் இடைவெளியைக் கூட்டி, அந்த மட்டத்தைச் சுவரில் ஒரு நாடாத் துண்டால் குறித்து, அதன் முன் அவரைக் குனிந்து நிற்கச் சொல்லிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.