கிறிஸ்துமஸ் சீசன் லீவு: குமரி மாவட்டத்துக் கடைகளில் நடக்கும் தவறுகள்

குமரி மாவட்டத்தில் கார்த்திகை பிறந்ததுமே லீவுப் பேச்சு ஆரம்பமாகிவிடும். நவம்பர் 24-ல் தொடங்கி டிசம்பர் 3 வரை கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா. அடுத்தடுத்து கிறிஸ்துமஸ், சுசீந்திரம் மார்கழித் தேர், புத்தாண்டு, பொங்கல். ஜவுளிக்கடையில் கால் வைக்க இடமில்லாமல் போவதும், ஐயப்ப சாமிமார் வருகையால் கன்னியாகுமரி லாட்ஜுகள் நிரம்புவதும் இதே நாட்களில்தான். முதலாளிக்கு ஆள் வேண்டிய அன்றைக்கே ஆளுக்கு லீவு வேண்டியிருக்கிறது. சண்டை வருவதில் ஆச்சரியம் இல்லை.

இந்தச் சண்டையைத் தீர்க்க நம் ஊரில் பலரும் கையாளும் வழி ஒன்று உண்டு. “கிறிஸ்துமஸுக்கு கிறிஸ்தவங்க போகட்டும், பொங்கலுக்கு மத்தவங்க போகட்டும்.” 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி மாவட்டத்தில் இந்துக்கள் சுமார் 49 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் சுமார் 47 விழுக்காடு. ஆகவே பாதிக்குப் பாதி, நல்ல ஏற்பாடுதானே என்று தோன்றும். என் பார்வையில் இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 24-ம் தேதி ராத்திரி, 25, 31 ராத்திரி ஆராதனை, ஜனவரி 1 என நான்கு தடவை இந்து ஊழியர்கள் கூடுதல் வேலை பார்க்கிறார்கள். பதிலுக்குக் கிடைப்பது பொங்கல். அன்றைக்குக் கடையே பூட்டிக் கிடக்கும் என்றால் அது எல்லாருக்கும் லீவுதான். விட்டுக்கொடுத்தவருக்குத் தனியாக எதுவும் வரவில்லை. இதற்கிடையே சுசீந்திரம் தேர் கிறிஸ்துமஸை ஒட்டி வந்துவிடும் வருடங்களும் உண்டு. தேரோட்டம் திருவாதிரைக்கு முந்தின நாள் என்பதால் தேதி வருடத்துக்கு வருடம் மாறும். “உங்களுக்குத்தான் பொங்கல் இருக்கே” என்று அன்றைக்கு ஒருவரைத் தடுத்தால் அவர் மனம் கசக்காமல் என்ன செய்யும்?

பெயரைப் பார்த்துப் பண்டிகையை முடிவு செய்வதும் இதோடு ஒட்டிய தவறு. பெந்தெகொஸ்தே சபைக்காரர்களில் கிறிஸ்துமஸே கொண்டாடாதவர்கள் இருக்கிறார்கள். கல்யாணத்தால் இரண்டு பக்கமும் சொந்தம் உள்ள வீடுகளுக்கும் குறைவில்லை. ஒடிசா, அசாம் பையன்களுக்குத் தேவை ஒரு நாள் அல்ல, ரயிலில் போய்வரப் பத்துப் பன்னிரண்டு நாள் சேர்ந்தாற்போல். ஆளுக்கொரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, கட்டாயம் வேண்டிய ஒரு நாள், கிடைத்தால் நல்லது என்கிற ஒரு நாள் என இரண்டை எழுதி வாங்கிவிடுங்கள். காரணம் கேட்க வேண்டாம்.

தேதியைக் கொடுத்துவிட்டு நேரத்தைக் கவனிக்காமல் விடுவது சிறியதாகத் தெரியும். ஆனால் அதிகம் வலிப்பது அதுதான். 25-ம் தேதி லீவு என்று தாராளமாக எழுதிவிடுவார்கள். 24-ம் தேதி ராத்திரி பத்து மணிக்கு ஷட்டரை இறக்கி, கேஷ் எண்ணி முடித்து, நாகர்கோவில் அண்ணா பஸ் ஸ்டாண்டுக்கு ஓடும் பெண்ணுக்கு முட்டம் போக பஸ் இருக்குமா? நள்ளிரவுத் திருப்பலிக்கு அவள் போய்ச் சேர முடியாது. சி.எஸ்.ஐ. என்னும் புராட்டஸ்டண்ட் சபைக்காரர் என்றால் விடியற்காலை ஆராதனை. அவருக்கு 24 சாயங்காலம் வேலை பார்ப்பது பிரச்சினையே இல்லை. இந்த வித்தியாசம் தெரிந்தால் ஒரே ராத்திரியை இரண்டு பேருக்குள் சரிக்கட்டிவிடலாம்.

“யார் முதலில் கேட்கிறார்களோ அவர்களுக்கு” என்பதும் நியாயம் போலத் தெரியும் ஒன்று. துபாயிலிருந்து அண்ணன் வரும் டிக்கெட் ஆகஸ்ட்டிலேயே போட்டாகிவிட்டது என்றால் அந்த வீட்டுப் பிள்ளை ஓணம் சமயத்திலேயே கிறிஸ்துமஸ் லீவைச் சொல்லிவைத்துவிடும். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமான பையனுக்குக் கேட்கவே கூச்சம். எல்லாரும் ஒரே தேதிக்குள், அக்டோபர் கடைசிக்குள் என்று வைத்துக்கொள்ளலாம், எழுதிக் கொடுக்கட்டும். மோதினால் போன வருட நோட்டைத் திறங்கள். போன கிறிஸ்துமஸுக்கு நின்றவருக்கு இந்த வருடம் முதல் உரிமை. அந்த நோட்டே இல்லாத கடைகள்தான் அதிகம். மேனேஜரின் ஞாபகம்தான் பதிவேடு, அந்த ஞாபகமும் அவருக்கு வேண்டியவர்கள் பக்கம் சாயும். “கல்யாணம் ஆகாத பிள்ளைதானே, நீ நில்லு மக்கா” என்று வருடா வருடம் ஒரே ஆள் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

சட்ட விஷயத்தில் இரண்டு குழப்பங்கள். கலெக்டர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறை அரசு அலுவலகங்களுக்கும் பள்ளி, கல்லூரிகளுக்கும். அதை ஈடுகட்ட ஒரு சனிக்கிழமை வேலைநாளாகும். வங்கி விடுமுறைகளுக்கு அடிப்படையான செலாவணி முறிச் சட்டத்தின் (Negotiable Instruments Act) கீழ் வராது என்பதால் வங்கிகளை அது கட்டுப்படுத்தாது, உங்கள் கடையையும் கட்டுப்படுத்தாது. ஆனால் கடைகளையும் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று இருக்கிறது. 1958-ம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைகள் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கோடு, ஐந்து பண்டிகை நாட்களும் சம்பளத்தோடு விட வேண்டும். அந்த நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது சம்பளத்தோடு இன்னொரு நாள் மாற்று விடுமுறை. மத்தியானம் பிரியாணி வாங்கிக் கொடுத்தால் கணக்கு நேராகிவிடும் என்று நினைக்கும் முதலாளிகளை என்ன சொல்ல.

ரகசிய லீவு வேண்டாம். “நீ போயிட்டு வா, யார்கிட்டயும் சொல்லாதே” என்பது டீ குடிக்கப் போகிற நேரத்துக்குள் கடை முழுக்கத் தெரிந்துவிடும்.

கொடுத்த லீவை 24-ம் தேதி போன் போட்டுத் திரும்ப வாங்குவது கடைசித் தவறு. யாருக்காவது காய்ச்சல் வரும், யாராவது துஷ்டி (சாவு) வீட்டுக்குப் போக நேரும். சீசனில் அது இருக்கத்தான் செய்யும். அதற்கென்று ஒவ்வொரு முக்கிய நாளுக்கும் ஒரு மாற்று ஆளின் பெயரை முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடுங்கள். கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் அன்றைக்குக் காத்திருந்ததற்கு அரை நாள் சம்பளம் என்று சொல்லிவிட்டால் பெயர் கொடுக்க ஆள் வருவார்கள்.