ரைட் திமிங்கிலத்தின் குரலைக் கணினி தவறவிடுவது எதனால்?

வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலங்கள் இன்று 400-க்கும் குறைவு. அவற்றின் மீது கப்பல் மோதாமல் தடுக்க, கடலடி ஹைட்ரோஃபோன் (நீருக்குள் ஒலி பதியும் மைக்) பதிவுகளில் 'அப்கால்' என்ற குரலைத் தேடுகிறார்கள். சுமார் 1 வினாடி நீளம், 50 முதல் 350 ஹெர்ட்ஸுக்குள் கீழிருந்து மேலேறும் ஒலி அது. அதைக் கண்டுபிடிக்கும் கணினி மாடல் சொதப்பினால் பலரும் முதலில் அதன் நியூரல் நெட்வொர்க்கை மாற்றுகிறார்கள். டேட்டாவைத் திரும்பிப் பார்ப்பது கடைசியில்தான்.

பெரிய தவறு, பதிவுத் துண்டுகளைக் கலைத்துப்போட்டுப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிப்பது. ஒரு மணிநேரப் பதிவை 2 வினாடித் துண்டுகளாக வெட்டினால் அடுத்தடுத்த துண்டுகளில் அதே கப்பல் இரைச்சல், அதே கருவியின் ரீங்காரம், பெரும்பாலும் அதே திமிங்கிலம். மாடல் ரீங்காரத்தை மனப்பாடம் செய்துவிடும். மதிப்பெண் மட்டும் பிரமாதமாக வரும். நாள்வாரியாக, இடவாரியாகப் பிரியுங்கள். ஓர் இடத்தின் பதிவையாவது பயிற்சியில் தொடாமல் வையுங்கள்.

பேச்சுக்கான மெல் அமைப்பை (மனிதக் காதுக்கேற்ப அதிர்வெண்ணைப் பட்டைகளாகப் பிரிக்கும் முறை) அப்படியே எடுத்துக்கொள்வது அடுத்தது. 8,000 ஹெர்ட்ஸ் வரை 64 பட்டைகள் வைத்தால் 350-க்குக் கீழே கிடைப்பது பத்துதான். ஸ்பெக்ட்ரோகிராமில், அதாவது நேரம் போகப்போக அதிர்வெண்ணைக் காட்டும் ஒலிப்படத்தில், மேலேறும் கோடு படிக்கட்டாகிவிடும். 2,000 ஹெர்ட்ஸுக்கு மாதிரி வீதத்தை (வினாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறோம் என்பது) குறைத்து, 256 புள்ளி எஃப்எஃப்டி (ஒலியை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) போட்டால் 7.8 ஹெர்ட்ஸ் இடைவெளி கிடைக்கும். ஒரு முறை கணக்கிடும் சாளரம் 128 மில்லிவினாடி, அடுத்த சாளரத்துக்கான நகர்வு 32 மில்லிவினாடி போதும். மாதிரி வீதத்தைக் குறைக்கும் முன், மேல் அதிர்வெண்களை நீக்கும் லோ-பாஸ் ஃபில்டர் கட்டாயம். இல்லையென்றால் மேல் அதிர்வெண் இரைச்சல் மடங்கி அப்கால் பகுதிக்குள் விழும்.

புகைப்பட மாடல்களின் பழக்கத்தில் ஸ்பெக்ட்ரோகிராமை இடவலமாகத் திருப்பிப் போடுவோரும் உண்டு. மேலேறும் குரல் அப்போது கீழிறங்கும் குரலாகிவிடும், ஆனால் 'அப்கால்' என்ற லேபிள் மாறாது. நேரத்தில் சற்று நகர்த்துங்கள், வேறு நாளின் கடல் இரைச்சலைக் கலந்துவிடுங்கள், அது போதும்.

துல்லியச் சதவீதத்தை நம்ப வேண்டாம். ஒரு நாளில் 43,200 துண்டுகள். அவற்றில் அப்கால் 40 என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று சொல்லும் மாடலுக்கும் 99.9% கிடைக்கும். பொய் எச்சரிக்கை வெறும் 1% என்றாலும் நாளுக்கு சுமார் 432. நாற்பதையும் பிடித்தால்கூட பன்னிரண்டு எச்சரிக்கையில் ஒன்றுதான் உண்மை. மணிக்கு எத்தனை பொய் எச்சரிக்கை என்று கணக்கிடுங்கள். அவற்றில் கணிசமான பங்கு கூனல் திமிங்கிலப் பாட்டின் மேலேறும் முனகல்களிலிருந்து வரும். அவற்றைத் தேடியெடுத்து 'அப்கால் அல்லாதவை' வகுப்பில் போடாமல் தப்பிக்க முடியாது.

பழைய பதிவுகளைக் கொண்டு அதிர்வெண் எல்லையை இறுக்கமாகக் கட்டுவதும் ஆபத்து. 1956 பதிவுகளோடு ஒப்பிட்டால் 2000-களில் இந்த அப்கால்கள் உயர்ந்த அதிர்வெண்ணில் தொடங்குகின்றன. இரைச்சல் பெருகியதே காரணம் என்று கருதப்படுகிறது. எனவே ஒவ்வொரு பருவத்திலும் புதுப் பதிவிலிருந்து சில மணிநேரத்தையாவது காதால் கேட்டு லேபிள் போட்டு, வரம்பைச் சரிபார்க்க வேண்டும்.