கைக்கு வந்த டிராவைக் கோட்டை விடாதீர்கள்

குன்னூரில் ஞாயிறு சாயங்காலம், பனி ஜன்னல்வரை இறங்கிவிட்டால் வேறு வேலை இருக்காது. நானும் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கும் ஓர் அண்ணனும் செஸ் போர்டை விரித்துவிடுவோம். இரண்டு பேரும் ஒரே தரம். பாதி ஆட்டம் டிராதான், மீதியில் பலவும் டிரா ஆகியிருக்க வேண்டியவை.

கெடுப்பது பெரும்பாலும் அவசரம்தான். போன வாரம் எனக்கு ஒரு சிப்பாய் குறைவு, ஆளுக்கொரு யானை இருந்தது, வாங்கி வைத்த டீ ஆறிக்கொண்டிருந்தது. சரி, யானையையும் வெட்டிக்கொண்டால் சீக்கிரம் டிரா ஆகிவிடும் என்று நானே வலியப் போய் மாற்றினேன். அங்கேதான் தோற்றேன். யானை இருக்கும்வரை ஒரு சிப்பாய் குறைந்தாலும் பின்னாலிருந்து செக் கொடுத்தே தாக்குப்பிடிக்கலாம். வெறும் ராஜாவும் சிப்பாயும் மிஞ்சினால் அந்த ஒரு சிப்பாயே பல சமயம் ஆளை முடித்துவிடும். உலக சாம்பியனாக இருந்த டிங் லிரனுக்கே இது நடந்தது: 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷுடன் 14-வது ஆட்டம், ஒரு சிப்பாய் குறைவு, ஆனாலும் டிரா நிலை. 55-வது நகர்த்தலில் யானையை மாற்றக் கொடுத்தார், அவருடைய பிஷப்போ மூலையில் மாட்டியிருந்தது. குகேஷ் யானையை வெட்டிவிட்டு பிஷப்பையும் மாற்ற வைத்துவிட்டார். பட்டம் போச்சு.

அப்புறம், மூன்று முறை செக் கொடுத்தால் டிரா என்று இன்னும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கணக்கு செக்குக்கு இல்லை, நிலைக்கு. அதே நிலை, அதே ஆளின் முறை, மூன்றாம் தடவை வர வேண்டும். அடுத்தடுத்து வர வேண்டியதில்லை. டோர்னமெண்டில் உங்கள் நகர்த்தலால்தான் அது வருமென்றால் காயைத் தொடாமல் அந்த நகர்த்தலைத் தாளில் எழுதி, கடிகாரத்தை நிறுத்தி, நடுவரைக் கூப்பிடுங்கள். ஆடிவிட்டு அமுக்கினால் அந்த வாய்ப்பு போனது. எதிராளியிடம் டிரா கேட்பதென்றால் முறை வேறு: ஆடிவிட்டு, கடிகாரத்தை அமுக்குமுன் கேட்க வேண்டும்.

ஒரு சிப்பாய் அதிகமாக வைத்திருப்பவர் செய்யும் தவறும் உண்டு. ஓரச் சிப்பாய் ராணியாகும் மூலைக் கட்டத்தின் நிறத்தில் உங்கள் பிஷப் ஓடாவிட்டால், எதிராளி ராஜா அந்த மூலைக்கு வந்து உட்கார்ந்தாலே போதும், டிரா. அண்ணன் ஒருநாள் அப்படித்தான் பிஷப்பை வைத்துக்கொண்டு சுற்றிச்சுற்றி வந்தார், கடைசியில் ஸ்டேல்மேட்: செக்கும் இல்லை, நகர வழியும் இல்லை, டிரா. “இன்னொரு பிஷப்பை வச்சிருக்கணும்டா” என்று சொல்லிவிட்டு வர்க்கியை டீயில் முக்கினார்.