மலையிலிருந்து இறங்கும் இளம் ஃபார்வர்டு முதல் ஒப்பந்தத்தை எட்டுவது எப்படி?

கொடைக்கானல், பண்ணைக்காடு, பெருமாள்மலைப் பக்கத்துப் பள்ளிகளில் கூடைப்பந்து ஆடும் ஆறடிப் பையனைப் பெரும்பாலும் ஃபார்வர்டாக, அதாவது முன்வரிசை ஆட்டக்காரனாக, வளையத்துக்குக் கீழேதான் நிறுத்துகிறார்கள். அவன் கைக்கு எட்டும் பந்து மற்றவர்களுக்கு எட்டாததால் புள்ளிகள் குவிகின்றன. அதே பையன் சென்னையிலோ கோவையிலோ ஓர் அணித் தேர்வுக்குப் போய் நிற்கும்போது, தன்னைவிட அரையடி உயரமானவர்கள் ஏற்கெனவே அந்த இடத்துக்கு வரிசையில் இருப்பதைப் பார்க்கிறான். தொழில்முறையாக ஆட விரும்பும் ஃபார்வர்டின் தொடக்க ஆண்டுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன. ஆகவே பதினாறு, பதினேழு வயதிலேயே, இன்னும் அரையடி உயரமானவர்களுக்கு நடுவே தனக்கு என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு, அந்த வேலைக்குப் பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும்.

இதற்கு நான் மாணவர்களிடம் எப்போதும் எடுத்துச் சொல்வது அமெரிக்க ஆட்டக்காரர் பி.ஜே. டக்கரின் வாழ்க்கையை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் வளையத்தடியில் ஆடிப் பெயர் வாங்கிய அவருடைய உயரம் ஆறடி ஐந்து அங்குலம். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏ-வில் அந்த இடத்துக்கு அது போதாது. 2006-இல் என்பிஏ அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் 35-ஆவது ஆளாக டொரான்டோ அணிக்குப் போனவர், 17 ஆட்டங்களில் மட்டும் இறங்கிய நிலையில் விடுவிக்கப்பட்டார். இஸ்ரேல், உக்ரைன், கிரீஸ், இத்தாலி, ஜெர்மனி என்று ஐந்து ஆண்டுகள் வெளிநாடுகளில் ஆடி, 2012-இல் ஃபீனிக்ஸ் அணி வழியாகத் திரும்பி வந்தபோது, எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரை மறிப்பதும் மூலையிலிருந்து மூன்று புள்ளி எறிவதும் அவருடைய தொழிலாகியிருந்தன. 2021-இல் மில்வாக்கி அணி பட்டம் வென்றபோது அதில் அவரும் இருந்தார்.

பயிற்சியில் முதலில் பழக வேண்டியது ரீபவுண்டுக்கு, அதாவது வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பதற்கு, ஆளை மறித்து நிற்பது. எதிரணியினர் பந்தை எறிந்தவுடன் கண் தானாகவே பந்தின் பின்னால் மேலே போகும். அதை அடக்கி, உங்கள் ஆள் எங்கே என்று முதலில் பார்க்க வேண்டும். முன்கையால் அவர் மார்பைத் தொட்டு இடத்தை உறுதி செய்துகொண்டு, ஒரு காலில் சுழன்று முதுகை அவர் பக்கம் திருப்பி, முழங்கால்களை மடக்கி இடுப்பைத் தாழ்த்தி, அவர் உங்களைச் சுற்றி வர முடியாதபடி கால்களை அகட்டி நின்ற பிறகே பந்தைத் தேட வேண்டும். உயரமானவரின் உயரம் பாதி பயனற்றுப் போவது இப்படித்தான். தேர்வாளர்கள் இதைக் கவனிக்கிறார்கள். பந்து கடைசியில் வேறொருவர் கைக்குப் போனாலும் கவனிக்கிறார்கள்.

அடுத்தது மூலை எறிதல். மூன்று புள்ளிக் கோடு மற்ற இடங்களில் 6.75 மீட்டர் தொலைவில் இருக்க, மூலையில் 6.60 மீட்டர்தான். ஆனால் அங்கே அந்தக் கோட்டுக்கும் பக்கக் கோட்டுக்கும் இடையே இருப்பது 90 சென்டிமீட்டர் மட்டுமே. பெரிய பாதம் உள்ளவர் பந்தை வாங்கும்போது குதிகால் வெளிக்கோட்டில் பட்டுவிடும். குனிந்து பார்த்துச் சரிசெய்ய நேரம் இருக்காது. எனவே ஓடி வந்து நிற்கும் கடைசி இரண்டு அடிகளைப் பந்தில்லாமலேயே பழகிவிட்டு, பிறகு எறியத் தொடங்குங்கள்.

மழைக்காலத்தில் மலையின் சிமென்ட் ஆடுகளங்களில் பாசி படியும். அங்கே குதித்துப் பழகுவதைவிட ஏதாவது கூரைக்குக் கீழே தற்காப்பு நகர்வுகளையும் கால் வலிமைப் பயிற்சிகளையும் செய்வது முழங்காலுக்கு நல்லது. கொடைக்கானலில் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் வளர்ந்த உடல், சமவெளியின் வெயிலுக்குப் பழகப் பத்துப் பதினான்கு நாட்கள் எடுத்துக்கொள்ளும். தேர்வுக்கு முந்தைய இரவு பேருந்து ஏறுவது எவ்வளவு நல்ல ஆட்டக்காரரையும் இரண்டாம் பாதியில் நிற்கவைத்துவிடும். உறவினர் வீட்டிலாவது முன்கூட்டியே போய்த் தங்குங்கள்.

இனி சான்றிதழ்கள். இந்தியாவில் கூடைப்பந்தை வைத்துப் பிழைப்பது என்பது இன்றும் பெரும்பாலும் ரயில்வே, வங்கி, வருமான வரித்துறை, முப்படைகள் போன்றவற்றின் அணிகளில் இடம் பெறுவதுதான். மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் மாவட்டப் போட்டிச் சான்றிதழ்கள் எத்தனை இருந்தாலும் பயனில்லை. தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியிருந்தால் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியிருந்தால் படிவம் 3, தேசியப் பள்ளி விளையாட்டுகளில் ஆடியிருந்தால் படிவம் 4 என்று உரிய அதிகாரியின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். போட்டி முடிந்த கையோடு இதை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது; பொறுப்பாளர்கள் மாறிய பிறகு அலைய நேரிடும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதும் கட்டணச் சலுகையோடு நின்றுவிடாமல், அதன் மாணவர்கள் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகிறார்களா என்று விசாரியுங்கள்.

நம் மலைக்கு இன்னொரு வசதி உண்டு. அடிவாரத்துப் பெரியகுளத்தில் சில்வர் ஜூபிளி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டிக்கு இந்தத் துறை அணிகள் பலவும் வருகின்றன. வழக்கமாக மே மாதத்தில், கொடைக்கானல் சீசன் நெரிசலின் நடுவே அது நடக்கிறது. வத்தலக்குண்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போக நேர்ந்தாலும் போய்விடுங்கள். உங்கள் உயரமுள்ள ஒரு ஃபார்வர்டை மட்டும் ஆட்டம் முழுவதும் பாருங்கள். பந்து அவரிடம் இல்லாதபோது எங்கே நிற்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளரிடம் சுருக்கமாக அறிமுகம் செய்துகொண்டு, அடுத்த தேர்வு எப்போது என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

தனியார் லீக்குகளில் வாய்ப்பு வந்தால் ஆடலாம். ஆனால் அவற்றை நம்பிப் படிப்பை விட்டுவிடக் கூடாது. 2015-இல் தொடங்கிய யுபிஏ (யுனைடெட் பாஸ்கெட்பால் அலையன்ஸ்) லீக் 2017-க்குப் பிறகு நடக்கவில்லை. எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடும் முன், சம்பளம் எந்தத் தேதியில் வரும், காயம்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது, ஆடாத மாதங்களுக்குப் பணம் உண்டா, வேறு போட்டிகளில் ஆட அனுமதி உண்டா என்ற நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள். வாய்மொழி வாக்குறுதியை நம்பி ஊரைவிட்டுக் கிளம்பாமல், அந்தத் தாளை வீட்டுப் பெரியவர் ஒருவரிடமும் ஒப்பந்தம் படிக்கத் தெரிந்த ஒருவரிடமும் காட்டிய பிறகு கையெழுத்திடுங்கள்.