அடிக்கடி தானாக அணையும் பழைய லேப்டாப்பை என்ன செய்வது?

டெல்லியில் கோடைப் புழுதிக்காற்று ஓய்ந்த பிறகு, கரோல் பாகில் உள்ள எங்கள் வீட்டின் 7 ஆண்டுப் பழைய லேப்டாப் திடீர் திடீரென்று அணையத் தொடங்கியது. இப்படி நேர்ந்தால் உடனே விண்டோஸை அழித்து மறுபடி நிறுவ முனையாதீர்கள். முதலில் கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்துக்கொண்டு, எந்த நேரத்தில் அணைகிறது என்று கவனியுங்கள். வீடியோ ஓடும்போதும் பல டேப்கள் திறந்திருக்கும்போதும் மட்டும் அணைந்தால், காரணம் பெரும்பாலும் சூடுதான்.

எங்கள் லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றியபோது, விசிறிக்கும் அதை ஒட்டிய உலோகத் தகடுகளுக்கும் இடையே கம்பளித் துண்டு போலப் படிந்திருந்த தூசி, காற்று வெளியேறும் வழியையே அடைத்துக்கொண்டிருந்தது. பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் தூசியை நீக்கி, சிப்பின் சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். பழக்கமில்லாதவர்கள் டெல்லியின் கணினிச் சந்தையான நேரு பிளேஸ் கடைகளில் கொடுத்து, கண்ணெதிரிலேயே செய்து தரச் சொல்வது நல்லது.

சூடேறாமலும் அணைந்தால், விண்டோஸிலேயே உள்ள நினைவகச் சோதனைக் கருவியான விண்டோஸ் மெமரி டயக்னஸ்டிக்கை இயக்குங்கள். பிழை காட்டினால் ராம் எனப்படும் நினைவகப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதிக்கலாம். டச்பேட் மேலெழும்பியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கக்கூடும். அதை அழுத்தாமல், சார்ஜும் போடாமல், உடனே மாற்றிவிடுங்கள்.